சீசனுக்கு வருகிறவர்கள்

1

அண்ணன் குற்றாலிங்கம் போன் செய்தால் முதல் வார்த்தை நலம் விசாரிப்பதாக இருக்காது. இந்த வருடமும் அப்படித்தான்.

"சீசன் ஆரம்பிச்சிட்டுட்டி. மெயினருவில வளைவத் தாண்டி விழுது. ரூம் பூரா ஃபுல்லு" என்றான். அதற்குப் பிறகுதான் நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டான்.

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயரில் ஒரு சின்ன ஊரில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். இங்கே வருடம் முழுக்கச் சாரல்தான். அருவி மட்டும் கிடையாது. இந்த ஊரைப் பெயர்த்துக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தால் மூன்று மாடி கட்டி வாடகைக்கு விட்டிருப்பான். தென்காசியில் இருந்து குற்றாலம் போகும் ரோட்டில், அப்பா கட்டிய வீட்டை அவன் அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறான். ஜூன் மாதம் மலையைத் தாண்டிக் காற்று வந்தால் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் பின்கட்டில் ஒண்டிக்கொள்வார்கள். முன்னால் இருக்கும் அறைகளில் எண்ணெய் தேய்த்த தலைகள் வந்து படுத்துக்கொள்ளும். அவர்களை அண்ணன் 'பார்ட்டி' என்பான். ஒருவராக இருந்தாலும் பார்ட்டி, ஒரு வேன் ஆளாக இருந்தாலும் பார்ட்டி.

போனை வைக்கப் போகும் நேரத்தில் விஷயத்துக்கு வந்தான்.

"அப்பாக்குத் தலைத் திவசம் ஆடியில வருது. அப்ப கூட்டம் அள்ளும். ஆவணிக்குத் தள்ளி வச்சிக்கிடுவோமா? செத்தவுகளுக்கு என்ன அவசரம்?"

அவர் செத்த திதியில், அவர் வீட்டில் செய்ய வேண்டும் என்றேன்.

"ரூம் புக் ஆயிட்டுட்டி" என்றான். அவனைப் பொறுத்தவரை அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

2

நான் வேலை பார்ப்பது ஊர் நூலகத்தில். அங்கே ஒரு பெரிய அகராதி உண்டு, பல தொகுதிகள். யாரும் எடுப்பதில்லை, தூசி தட்டுவது என் வேலை. போன் வந்த மறுநாள் 'சீசன்' என்ற சொல்லை எடுத்துப் பார்த்தேன். எங்கள் அண்ணன் காலையில் வாயைத் திறந்தால் இரவு மூடுகிற வரை சொல்கிற சொல், அதற்கு அப்பன் யார் பாட்டன் யார் என்று பார்ப்போமே என்றுதான்.

இந்த ஊரில் அதற்கு ஆயிரம் வேலை. நான்கு பருவங்களுக்கும் அதே சொல். கால்பந்துக்கு ஒரு சீசன், ஸ்ட்ராபெரிக்கு ஒரு சீசன், வேட்டைக்கு ஒரு சீசன். ரயிலில் தினமும் போகிறவனுக்குச் சீசன் டிக்கெட். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்கூட அது இருக்கும். ஆனால் ஆதியில் அது லத்தீனில் இருந்து கிளம்பி, பிரெஞ்சு வழியாக இங்கே வந்திருக்கிறது. லத்தீனில் அதற்கு விதைப்பு என்று பொருளாம். விதைக்கிற செயல், பிறகு விதைக்கிற காலம், அப்புறம்தான் எல்லாக் காலமும்.

தூசித் துணியோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் வீடு இருக்கும் இடம் ஒரு காலத்தில் வயல். அப்பா அங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் போட்டார். விளைச்சலை எங்கள் பக்கம் 'பூ' என்பார்கள். "ரெண்டு பூ வெளையுத நெலம்" என்று அப்பா பெருமையடிப்பார். பிறகு குற்றாலத்துக்கு வருகிற கூட்டம் பெருத்ததும் அவரே மண்ணடித்து மேடாக்கி அறைகளைக் கட்டினார். அறைகளுக்கு வருடத்தில் ஒரே பூ. ஆனால் களை பறிக்க வேண்டாம், பூச்சி விழாது. அந்த வியாபாரத்தை ஆரம்பித்தது அண்ணன் அல்ல, அப்பாதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

3

போன வருடம் அப்பா செத்தபோது நான் இங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

அந்த வருடம் சித்திரையில் அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. நான் போன் செய்தால் மதினிதான் எடுப்பாள். அண்ணன் மனைவி பகவதி. "மாமா தூங்குதாவ" என்பாள். நான் எப்போதும் போல ஆகஸ்டுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். மகள் மீனா பள்ளியில் படித்த காலத்தில் இருந்தே அதுதான் வழக்கம். அவளுக்கு அப்போதுதான் லீவு. அவள் கல்லூரிக்குப் போன பிறகும் அந்த மாதத்தை நான் மாற்றவில்லை.

கால் வீக்கத்துக்கு நல்லது என்று இங்கே விற்கிற இறுக்கமான காலுறைகளை வாங்கிக்கொண்டு போய் இறங்கினேன். வாசலில் அண்ணன் மொட்டைத் தலையோடு நின்றான். அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "தனியா வாற பிள்ள, பிளேன்ல அழுதுக்கிட்டே வருவியேன்னுதான் சொல்லல. கடைசியா அத்தையப் பாக்கணும்னாவ, அச்சன்புதூருக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்கனயே முடிஞ்சிட்டு" என்றான். நம் ஊரில் இப்படிச் சாவை மறைத்து வைத்துச் சொல்வது பாசத்தில் சேர்த்தி. நானும் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன். அவன் தோளில் சாய்ந்து அழுதேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

இந்த வருடம் திவசத்துக்கு லீவு கேட்கப் போனேன். என் மேலாளர் ஹெலன் நல்லவள். அப்பாவின் ஆனிவர்சரிக்குப் போக வேண்டும் என்றேன். முகம் மலர்ந்து வாழ்த்துச் சொன்னாள். எத்தனையாவது என்று கேட்டாள். முதலாவது என்றேன். "இந்த வயதில் மறுமணமா, என்ன தைரியம்!" என்றாள். நான் விளக்கியதும் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு விதியைப் புரட்டிப் பார்த்து, துக்க விடுப்பு செத்த சமயத்துக்கு மட்டும்தான், இப்போது எடுப்பதை உல்லாச விடுப்பில்தான் எழுத முடியும் என்றாள். எழுதிக்கொள் என்றேன்.

4

டிக்கெட் போடுவதற்குள் அச்சன்புதூர் அத்தையிடம் இருந்து போன் வந்தது. அத்தை அப்பாவின் தங்கை. ஒரு காது கேட்காது என்பதால், தான் பேசுவதும் யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில் கத்துவாள். ஜன்னலை மூடிவிட்டுப் பேசினேன்.

"ஏட்டி செண்பகம், ஒங்க அண்ணன் என் வீட்ட என்னன்னுட்டி நெனச்சிக்கிட்டு இருக்கான்? சாவ இங்கன வச்சி நடத்திட்டான். இப்பத் திவசத்தையும் இங்கனயே வச்சிக்கிடுதேங்கான்!"

"அப்பா கடைசியா உங்களப் பாக்கணும்னுதான வந்தாவ அத்தை?"

அத்தை சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு அல்ல.

"என்னையப் பாக்கவா? எங்க அண்ணனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்னு எத்தனை வருசம் ஆச்சுன்னு ஒனக்குத் தெரியாதா? டாக்டர் இனி தேறாது, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டாரு. வீட்டுல வச்சி உசிரு போயிட்டா துட்டி வீடா ஆயிரும்லா. பதினாறு கழியாம எந்தப் பார்ட்டிட்டி வந்து படுப்பான்? நாக்காலியோட தூக்கி லோடு ஆட்டோல ஏத்திக் கொண்டாந்து என் வீட்டுல எறக்கிட்டான்."

லைன் அறுந்துவிட்டதோ என்று "ஏட்டி, ஏட்டி" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். இருக்கிறேன் என்றேன்.

"ஆட்டோல ஏத்துத நேரம் பாத்து மதுரைப் பார்ட்டி வந்து எறங்கிருக்கான். ஒங்க அப்பன் படுத்திருந்த ரூமத்தான் அவனுக்குக் குடுத்திருக்கு. இன்னும் கூட்டிப் பெருக்கலையான்னு சத்தம் போட்டானாம். இங்கன வந்து மூணாம் நாள் போயிட்டாவ. ஒங்க அண்ணன் மொட்டை போட்டுக்கிட்டு நேரா வீட்டுக்குப் போனான். பார்ட்டி கேட்டா திருச்செந்தூர்ல வேண்டுதல்னு சொல்லிருக்கான். அந்தச் செந்திலாண்டவன் இவன் தலையில நல்லாக் கொட்டணும்."

போனை வைத்த பிறகு மூடிய ஜன்னலைத் திறக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணனைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை.

5

மீனா அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். தமிழ் காதில் விழும், வாயில் வராது. என் அப்பா இருந்த வரை அவரும் இவளும் போனில் முகம் பார்த்துத் தலையாட்டிக்கொள்வதோடு சரி. அது உறவா சைகையா என்று எனக்குத் தெரியவில்லை.

அகராதியில் பார்த்ததை அவளிடம் சொன்னேன். சமையலில் உப்பும் மிளகும் போடுவதற்கும் அதே சொல்லை வைத்திருக்கிறார்கள், பழம் பருவத்தில் பக்குவப்படுவது போலச் சாப்பாட்டைப் பக்குவப்படுத்துவதாம். மரத்துக்கும் உண்டு. கேரளத்தில் இருந்து புளியறைச் செக்போஸ்ட் வழியாக லாரியில் வருகிற மரத்தடியை ஆசாரிமார் உடனே தொட மாட்டார்கள். காயப்போட்டு, "சீசன் ஆன மரமா?" என்று கேட்டுத்தான் இழைப்புளியை வைப்பார்கள்.

"மரத்தை மட்டும் இல்லம்மா" என்று ரொட்டியை மென்றுகொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள் மீனா. ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்துக்கொண்டு வந்த அடிமைகளைக் கரும்புத் தோட்டத்தில் பழக்குகிற முதல் காலத்துக்கும் தோட்டக்காரர்கள் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்களாம். புது வெயில், புதுக் காய்ச்சல், புதுப் பெயர், சவுக்கு. பலர் அதிலேயே செத்துப்போவார்கள். மிஞ்சியவர்கள் சீசன் ஆனவர்கள். அவர்களுக்கு விலை அதிகம்.

அவள் அடுத்த ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நான் பட்ட பாட்டை அந்தச் சொல்லோடு சேர்த்து வைத்துப் பார்க்க ஒரு கணம் ஆசை வந்தது உண்மை. வெளிநாட்டில் இருக்கிற நமக்கு இந்தப் புத்தி உண்டு, கண்ட கண்ணீரை எல்லாம் நம் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். என்னை யாரும் சங்கிலி போட்டுக் கொண்டுவரவில்லை. விசா கிடைத்ததற்கு இலஞ்சி முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினேன். அண்ணன் வீட்டை இணையத்திலும் போட்டிருக்கிறான். திவசத்து நாளும் அதற்கு முந்தைய நாளும் காலியாக இருந்தன. புக் ஆகிவிட்டது என்றது பொய். நல்ல விலைக்குப் பார்ட்டி சிக்கும் என்று திறந்து வைத்திருந்தான். மீனாவுக்கு டேனியல் என்று ஒரு நண்பன் உண்டு. எந்த மாதிரி நண்பன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவன் பெயரில் முழு வீட்டையும் எடுத்தேன்.

இரண்டு நாளில் அண்ணன் போன் செய்தான். குரலில் சர்க்கரை.

"ஒங்க ஊர்க்காரன் ஒருத்தன் முழு வீட்டையும் எடுத்திருக்கான்ட்டி! வெள்ளக்காரன்! அதான் அப்பா ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட் வச்சிக்கிட்டிருக்கேன்."

பக்கவாதத்தில் காலை மடக்க முடியாமல் அப்பா கிடந்தபோது அந்த டாய்லெட்டைப் போடச் சொல்லி நான் கெஞ்சியிருந்தேன். சுவரை உடைக்க வேண்டும், சீசன் முடியட்டும் என்று சொன்னவன் இவன்தான். அப்பாவுக்கு உடையாத சுவர் டேனியலுக்கு உடைந்திருக்கிறது.

6

நானும் மீனாவும் திருவனந்தபுரத்தில் இறங்கினோம். குடியேற்றக் கவுண்டரில் இருந்தவர் என் வெளிநாட்டுவாழ் இந்தியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்த ஊர் தென்காசி என்று படித்ததும் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"குற்றாலத்தேக்காணோ? சீசணல்லே!" என்றார் மலையாளத்தில்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அவரிடம் திவசத்தை எந்த மொழியில் சொல்வது?

புளியறை தாண்டியதும் சாரல் கண்ணாடியில் அடித்தது. வீட்டு வாசலில் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றான். பக்கத்தில் மதினி நன்னாரி சர்பத் தட்டோடு. கார்க் கதவைத் திறந்து நான் இறங்கியதும் அவன் எனக்குப் பின்னால் வெள்ளைக்காரனைத் தேடினான்.

"ஏட்டி, நீயா? பார்ட்டி வாற நேரம்ட்டி. இப்பப் போயி வந்து நிக்கியே!"

"பார்ட்டி வந்தாச்சு அண்ணே. டேனியல் வரல. அவன் பேர்ல நான் வந்திருக்கேன். நாளைக்குத் திவசம். சாமான் வண்டில இருக்கு. ஐயருக்கும் சொல்லியாச்சு."

அவன் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கு இனித்தது. மறைப்பானேன். கோபத்தில் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முதலில் ரோட்டைத்தான் பார்த்தான், யாராவது கேட்டுவிட்டார்களா என்று.

"கேன்சல் பண்ணிருவேன்" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பண்ணு. ஏன் கேன்சல்னு இணையத்துல கேப்பாங்கல்லா. போன ஆடியில இந்த ரூம்ல இருந்து யார எங்க தூக்கிட்டுப் போனன்னு நானும் எழுதுதேன்."

மதினி தட்டைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மீனா ஒரு சர்பத்தை எடுத்துக் குடித்தாள்.

மறுநாள் அப்பாவின் அறையிலேயே திவசம் நடந்தது. புது டாய்லெட் கதவுக்குப் பக்கத்தில் படத்தை வைத்து மாலை போட்டோம். தலைமுறைப் பெயர்களை ஐயர் கேட்டபோது அண்ணன் தடுமாறுவான் என்று காத்திருந்தேன். அவன் மளமளவென்று சொல்லிவிட்டான். அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவன் மடியில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எள்ளும் தண்ணீரும் விடும்போதும் அதிர்ந்தது. ஒரு தடவைகூட அவன் அதை எடுக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் கண் அங்கே போய்வந்தது.

மீனா அதிகாலையிலேயே ஐந்தருவிக்குப் போய்விட்டாள். படையல் போட்டுச் சாப்பிடும் நேரத்துக்கு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் நான் ஆரம்பித்தேன். மனதுக்குள் பல வாரங்களாகத் தீட்டி வைத்திருந்தது.

"சாகக் கெடந்த மனுசன லோடு ஆட்டோல ஏத்துனியே. அதுக்குப் பொறவு ஒனக்குச் சோறு எறங்குச்சா?"

பதில் மதினியிடம் இருந்து வந்தது.

"அவுகளக் கேக்காத. என்னையக் கேளு. மாமாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுனவ நான்." இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக்கொண்டே பேசினாள். "மாமாதான் போணும்னாவ. நான் இங்கன செத்தா சீசன் போயிரும், என்னைய எங்கயாவது கொண்டுபோயிப் போடுங்கன்னாவ. ஒங்க அண்ணன் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம்னு சொல்லல. அது வேற. ஆனாச் சொன்னது மாமா."

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"நான் கேட்டேன். செண்பகத்துக்கு ஒரு போன் போட்டுருவோமா மாமான்னு கேட்டேன். 'எதுக்கு? அவ சீசனுக்கு வருவால்லா, அப்பச் சொல்லிக்கிடலாம்'னாவ. பேச்சு கொழறும், ஒண்ணும் வெளங்காது. அதனால இன்னொருக்கச் சொல்லச் சொன்னேன். ரெண்டாந் தடவையும் அதேதான் சொன்னாவ."

"கோவத்துல சொன்னாவளா மதினி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். எனக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்ல அந்த இடைவெளி போதும். அவள் சொல்லவில்லை.

"இல்ல. எந்தப் பார்ட்டி எப்ப வருதுன்னு சொல்லுத மாதிரித்தான் சொன்னாவ."

இலைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது நின்று, "நீ வாறப்பல்லாம் இந்த ரூம ஒனக்குக் காலி பண்ணிக் குடுத்துட்டு வராந்தால படுப்பாவல்லா. அவுகளுக்குக் காலி பண்ணுதது ஒண்ணும் புதுசு இல்ல" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, செத்தவர் மேல். இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவையாவது மார்கழியில் வா என்று அவர் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் நான் வந்திருப்பேனா என்று அடுத்த கேள்வி வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். அந்த அறையில் அன்று என்னால் படுக்க முடியவில்லை. மீனா நன்றாகத் தூங்கினாள்.

7

மறுநாள் காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும். நேரத்துக்கு முன்பே கோவில்பட்டியில் இருந்து அடுத்த பார்ட்டி வந்துவிட்டது. ஒரு வேன் ஆள், கையில் எண்ணெய்ப் பாட்டில்கள், துண்டுகள். அண்ணன் அவசர அவசரமாக அப்பா படத்தில் இருந்து மாலையைக் கழற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனான். நான் பெட்டியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அந்த வேனில் பெரியவராக இருந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன அண்ணாச்சி, சாம்பிராணி வாசம் அடிக்கே. வீட்டுல எதுவும் நடந்துதா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் பயத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். திவசம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன வருடம் ஆடியில் என்று ஆரம்பித்தால் இன்னும் நல்லது. வேன் அப்படியே திரும்பிப் போகும். ரோடு முழுக்கப் பேச்சாகிவிடும். யார்க்ஷயரில் இருந்து நான் வந்ததே அதற்குத்தான்.

"ஒண்ணுமில்ல சார்" என்றான் அண்ணன் என்னைக் காட்டி. "கெளம்புத பார்ட்டி. சாமி கும்பிட்டாங்க."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "வீடு எப்படிம்மா? வசதியா இருக்குமா?"

"நல்ல வீடு" என்றேன். "நாங்க வருசா வருசம் சீசனுக்கு இங்கதான் தங்குவோம்."